துணிக்குக் கீழே ஒரு பெருவிரல்

இன்று என் வேலை விரலைப் பிடித்திருப்பது.
கத்தி இல்லை, கத்திரி இல்லை.
பச்சைத் துணியை உயர்த்தி அடியில் குனிந்து
நிஸ்தாரின் வலது பாதத்தை
இரு கைக்குள்ளும் வைத்திருக்கிறேன்.
உப்பில் வெடித்த குதிக்கால்.
பெருவிரல் நகத்தில் கறுப்பு,
எந்தப் பாறையில் எப்போது பட்டதோ.

கிண்ணியா ஆள். கடலட்டைக்குச் சுழியோடுகிறவன்.
முழங்காலின் வெளிப்பக்கம், எலும்பு முட்டும் இடத்தில்,
நெல்லிக்காய் அளவில் ஒன்று.
நாலு வருடம் யாருக்கும் சொல்லவில்லை.
தொழுகையில் காலை மடித்தால் கரண்ட் அடிக்கும், என்றான் கிளினிக்கில்,
பாதத்தின் மேலாக ஓடி விரலிடுக்கில் போய் நிற்கும்.
ஒருநாள் ஆறு பாகத் தண்ணீரில்
இறப்பர்ச் செட்டை காலை விட்டுக் கழன்றது தெரியவில்லை.
அதற்குப் பிறகுதான் வந்தான்.

கெட்ட கட்டி இல்லை என்றது படம்.
கட்டி நல்லதுதான்,
இருக்கும் இடம்தான் பொல்லாதது:
நரம்பின் உறைக்குள் பிறந்து
நரம்பையே உடுத்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

கண் தியேட்டரில் இருந்து தள்ளி வந்த நுண்ணோக்கி,
அதன் ஒரு சில்லு கிறீச்சிடும்.
டொக்டர் தென்னக்கோன் அதில் கண்ணை வைத்தால்
பிறகு ஒரு சொல், இரண்டு சொல்தான்.
தசையைத் தளர்த்தும் மருந்து வேண்டாம் என்று
காலையிலேயே சொல்லிவிட்டார்.
மிருணாளினி டொக்டர் தலையாட்டினா.
ஆள் தூங்கலாம். கால் பதில் சொல்ல வேண்டும்.

சரிந்து பார்த்தால் திரை தெரிகிறது.
மங்கிய மஞ்சளில் ஓர் உருண்டை,
அதன் முதுகில் வெள்ளை இழைகள்
விரிந்து, மெலிந்து,
கொட்டியாரத்தில் கடலைக் காணும் முன்
மகாவலி பிரிவதைப் போல.
எது விரலுக்குப் போகிறது, எது வெறும் தோலுக்கு,
பார்த்துச் சொல்ல முடியாது.
தொட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஊசிமுனையில் துளி மின்சாரம்.
"அசையுதா?"
"ஓம்." விரல் துள்ளியது.
"அசையுதா?"
"ஓம், பாதம் வெளியால திரும்புது."
சிலநேரம் சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் சொல்வேன்.
காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒன்றும் பேசாத ஓரிடம் கிடைத்தது.
அங்கே, இழையோடிய வாக்கில், உறையைக் கீறினார்.
பலாச்சுளைக்குள் கொட்டை போலத்தான்,
வழுக்கி வழுக்கி,
இருந்தாலும் ஒரு முடிச்சு விடவில்லை.
இரண்டு இழைகள் நேரே கட்டிக்குள் நுழைந்திருந்தன.

முதலாவது, மூன்று தரம் தொட்டும் அசைவில்லை.
வெட்டினார்.

"இது?"
இல்லை என்று வாயெடுத்தேன்.
என் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ.
அவனுடையதா, என் நாடியா?
விடிய ஐந்து மணிக்குக் குடித்த தேத்தண்ணி
எப்போதோ தீர்ந்திருந்தது.
"திரும்ப, டொக்டர்."
திரையில் கத்திரியின் மூக்கு காத்து நின்றது.
இந்த முறை பிடியைத் தளர்த்தினேன்.
ஒன்றுமில்லை.
"இன்னொருக்கா."
யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள்.
கையை முழுவதும் எடுத்துவிட்டு
கண்ணால் மட்டும் பார்த்தேன்.
கறுத்த நகம்
ஓர் அரிசி உயரம் எழும்பி விழுந்தது.

"ஓம்," என்றேன். குரல் அடைத்திருந்தது.

அந்த ஓர் இழையை உரித்தெடுக்க
இன்னும் ஐம்பது நிமிடம்.
கட்டி போத்தலுக்குள் போனது.
பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில்
ஒரு மான் யாரோ போட்ட சோற்றுப்பார்சலின் தாளை மென்றுகொண்டிருந்தது.
நான் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமை கழித்துத் தையல் பிரிக்க வந்தான்.
விரலைத் தூக்கு என்றால் தூக்கினான்,
ஏன் இதெல்லாம் என்கிற முகத்தோடு.
விரலிடுக்கில் ஒரு காசளவு மரத்திருக்கு, மிஸ்,
செருப்பு வார் கிடக்கிற இடம்.
அது அப்படித்தான் இருக்கும், என்றேன்.

தொழலாமா என்று கேட்டான்.
நான் டொக்டரைத் தேடித் திரும்பும் முன்
கட்டிலிலேயே மெல்லக் காலை மடித்தான்.
பழக்கத்தில் பல்லைக் கடித்தான்.
கரண்ட் வரவில்லை.
கடித்த பல்லைத் தளர்த்த
அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.